எதைவிட பெட்டர்?

திண்டுக்கல்
12.1.2025, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

என் அண்ணன் ஜெர்சனுக்கும் சகாயராணி மதினிக்கும் ஈவாஞ்சலின் எழுதுவது. மார்கழிக் குளிரில் உதடு வெடித்ததைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.

உன் கிறிஸ்மஸ் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. கன்னியர் மடத்தில் பயிற்சியிலிருக்கும் நோவிஸ்களுக்குப் போன் கிடையாது என்று உனக்குத் தெரியும். கடிதம்கூட ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். ஒரு பக்கம் முழுக்கக் குடில் கட்டியது, கேக் கருகியது என்று எழுதிவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாய். "முழங்கால் வலி இப்போது பெட்டர்." இப்படி ஒரு வலி இருப்பதே அந்த வரியில்தான் எனக்குத் தெரியும்!

நேரம் பார், இந்த வாரம் இங்கிலீஷ் வகுப்பில் எங்களுக்கு அதே சொல்தான். சிஸ்டர் கொன்சிலா ஒரே சொல்லை ஐந்து நாள் பிழிந்து எடுத்தார். திங்கட்கிழமை நான் கோவிலுக்குத் தாமதமாகப் போனேன். அவர் என்னைப் பார்த்து, "யூ ஹேட் பெட்டர் கம் ஏர்லி" என்றார். ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்து "தேங்க்யூ சிஸ்டர்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் கண்டிப்பாம். செய்யாவிட்டால் நடப்பது வேறு என்று அர்த்தமாம். கட்டினவளை 'பெட்டர் ஹாஃப்' என்று சொல்வார்களாம், மதினியிடம் சொல்.

கடைசி நாள் சிஸ்டர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. பெட்டர் என்றால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம். நாம் தமிழில் "அதைவிட இது" என்று இரண்டையும் சொல்லிவிடுவோம். இங்கிலீஷ்காரர்கள் அந்த இன்னொன்றைச் சொல்லாமலே விட்டுவிடலாம். நீயும் விட்டுவிட்டாய். அதனால் கேட்கிறேன்: எதைவிட பெட்டர்?

மே 31-ல் முதல் வார்த்தைப்பாடு, அன்றிலிருந்துதான் நானும் ஒரு சிஸ்டர். அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் வந்து மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில் பழைய நோவிசியேட் வருடம் செல்லாமல் போனது. இது முதலிலிருந்து தொடங்கிய வருடம். நீ வந்து முன் வரிசையில் உட்காரவேண்டும்.

உன் தங்கை,
ஈவா


திரேஸ்புரம், தூத்துக்குடி
20.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மதினி சுகம், வள்ளம் சுகம், பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் சாமத்தில் கூவுவதால் அதன் சுகத்துக்கு நான் பொறுப்பில்லை. உன் உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

பெட்டர் ஹாஃப் பற்றி மதினியிடம் சொன்னேன். "பாதிதானா? மீதிய யாருக்கு வச்சிருக்கிய?" என்று கேட்டாள். இந்த மாதிரிச் சொல்லையெல்லாம் இனிமேல் கடிதத்தில் அனுப்பாதே, எனக்குச் சோறு கிடைக்காது.

எதைவிட என்று கேட்டிருக்கிறாய். போன வாரத்தைவிட. போதுமா?

தொழில் நீ பார்த்த மாதிரி இல்லை. எட்டுப் பாகத்தில் கிடந்த சங்கு இப்போது பன்னிரண்டு பாகத்துக்குப் போய்விட்டது. உன் சிஸ்டருக்குப் பாகம் தெரியாதென்றால், ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் நீளம் என்று சொல். அப்படிப் பன்னிரண்டு ஆள் ஆழம். வள்ளத்தில் காம்ப்ரசர் ஓடுகிறது, ததேயுஸ் அண்ணன் அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் அதிலிருந்து காற்று வரும் ஓஸை வாயில் கடித்துக்கொண்டு மூன்று மணிநேரம் அடியில் கிடக்கிறேன். தண்ணீர் இந்த மாதம் நல்ல தெளிவு. இறங்கிவிட்டால் வலி இருந்த இடமே தெரியாது. ஆகவே நீ கவலைப்படாமல் ஜெபத்தைப் பார்.

நோவிசியேட்டுக்கு மூன்றாவது தடவை வாய்ப்பு கிடையாது என்று உங்கள் மடத்து மதர் சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மா கண்ணை மூடும்போது, "அவள அங்கன திருப்பிக் கொண்டுபோய் விட்டுரு, ஏலே" என்று என் கையைத்தான் பிடித்தாள். மே 31-க்கு வேட்டி எடுத்தாகிவிட்டது.

உன் அண்ணன்,
ஜெர்சன்


திண்டுக்கல்
2.2.2025, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

அண்ணனுக்கு, எண்ணெய் தடவி உதடு ஆறிவிட்டது. எனக்கு வைத்தியம் சொல்கிறவன் தன் கதையை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறான்.

இறங்கிவிட்டால் வலி தெரியாது என்றால், ஏறினால் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? வேட்டி எடுத்த கதையை அடுத்த வரியில் போட்டால் நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தாயா?

வாரத்தில் இரண்டு நாள் எனக்கு இங்கே மருந்தகத்தில் வேலை. போன செவ்வாய் ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே "பெட்டர் சிஸ்டர், ரொம்ப பெட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகவேண்டுமாம். நர்ஸ் சிஸ்டர் ஆரோக்கியம் அவரை எழுந்து நடக்கச் சொன்னார். நான்கு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துவிட்டார். நோயாளிகள் அதிகம் சொல்கிற பொய் அந்தச் சொல்தான் என்று சிஸ்டர் ஆரோக்கியம் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ நடப்பதை இங்கிருந்து என்னால் பார்க்கமுடியாது. அதனால் இதைச் செய். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பனிமய மாதா கோவிலுக்கு நடந்து போ. எத்தனை நிமிடம் ஆனது என்று எழுது. முன்பு நீ இருபது நிமிடத்தில் போவாய், நான் பின்னால் ஓடிவருவேன். நிமிடம் மட்டும் எழுதினால் போதும், வேறு கதை வேண்டாம்.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

ஈவா


திரேஸ்புரம்
11.2.2025

அன்பு ஈவாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் சொல்லச் சொல்ல மதினி எழுதுகிறாள். சங்கு கீறி வலது கையில் காயம். அதுவும் பெட்டர்.

கோவிலுக்கு ததேயுஸ் அண்ணன் பைக்கில் போனோம். அதனால் நிமிடம் தெரியாது.

ஏளா, நீ ஜெபம் செய்யப் போனாயா, போலீஸ் வேலைக்குப் போனாயா? ஒவ்வொரு கடிதத்திலும் விசாரணை நடத்தினால் நான் என்ன எழுத? சங்கு குளிக்கிறவனுக்கு மூட்டு வலி வருவது அதிசயமா? அப்பாவுக்கு இல்லையா, ததேயுஸ் அண்ணனுக்கு இல்லையா? எல்லாரும் அதற்கு உள்ள வழியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நானும் செய்கிறேன். நீ மே மாதத்தை நினை.

கடைசி வரியில் மதினி தன் இஷ்டத்துக்கு எதையோ எழுதினாள். அதை நான்தான் அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்,
ஜெர்சன்


திண்டுக்கல்
2.3.2025, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்!

அண்ணனுக்கும் மதினிக்கும், உடம்புக்கு நான் நலம். மனதுக்கு நலமில்லை, அதை ஏன் மறைக்கவேண்டும்?

நீ அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மதினியின் கையெழுத்தில் 'கால்' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லோடுதான் தூங்கி எழுந்திருக்கிறேன். பூசையில் கவனமில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்று இரண்டு முறை வாசல் வரை போய்விட்டேன்.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. நோவிஸ்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிரியமான ஒன்றை ஒறுக்கவேண்டும். ஒருத்தி காப்பியை விடுகிறாள், ஒருத்தி தலையணையை. எனக்கு இங்கே உன் கடிதத்தைவிடப் பிரியமானது எதுவுமில்லை. அதைத்தான் கொடுக்கப்போகிறேன். ஈஸ்டர் வரை உன்னிடமிருந்து வரும் எந்தக் கவரையும் பிரிக்கமாட்டேன், என் பெட்டியில் அப்படியே வைப்பேன். உன் கால் குணமாகவேண்டும் என்பதுதான் வேண்டுதல். நற்கருணைக்கு முன்னால் முழந்தாளிட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன். மதர், "நாற்பத்தாறு நாள் ஈவா, யோசித்துச் செய்" என்றார். நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது. உண்மை இல்லாத கடிதத்தைப் படிப்பதைவிட, படிக்காமல் ஜெபிப்பது மேல். இந்த இரண்டில் எது எதைவிட என்று ஒளிக்காமல் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

நீ பிறகு ஒன்றும் சொல்லக்கூடாது என்பதற்காகச் சிஸ்டர் கொன்சிலா பாணியிலேயே சொல்கிறேன். யூ ஹேட் பெட்டர் நாட் டைவ். இது கண்டிப்பு. ஈஸ்டர் வரை தண்ணீரில் இறங்காதே.

ஈவா


திரேஸ்புரம்
14.3.2025

ஈவா,

நீ இதைப் பிரிக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இன்று நானே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சங்கு கீறிய காயம் எதுவும் கிடையாது. விரல் மரத்துப்போய்ப் பேனா நிற்கவில்லை. மதினி சுகம்.

எதைவிட என்று கேட்டாயே, சொல்கிறேன். தரையைவிட. கடலுக்கு அடியில் இருக்கும்போது பெட்டர். மேலே வந்தால் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

டிசம்பரில் ஒருநாள் பன்னிரண்டு பாகத்திலிருந்து ஏறினேன். வள்ளத்தில் கால் வைத்ததும் முழங்காலை யாரோ கட்டையால் அடிக்கிற மாதிரி ஒரு வலி. கத்திவிட்டேன். ததேயுஸ் அண்ணன் பதறவில்லை. "ஏலே, காத்து பிடிச்சிருக்கு. திரும்ப இறங்கு, கொஞ்ச நேரம் இருந்துட்டு மெல்ல ஏறு, சரியாப் போவும்" என்றார். அவருக்கு அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. இங்கே எல்லாரும் செய்வதுதான். இறங்கினேன். ஐந்து பாகம் போவதற்குள் வலி கழன்றுவிட்டது, ஈவா. சுவிட்சை அணைத்த மாதிரி. தண்ணீருக்குள் அழுதேன், சந்தோஷத்தில்.

மேலே வந்தபோது கொஞ்சம் இருந்தது. மறுநாள் கூடக் கொஞ்சம். அதற்கு மறுநாள் இன்னும். இப்போது சங்கு எடுத்து முடிந்த பிறகும் ஒரு மணிநேரம் சும்மா அடியில் உட்கார்ந்திருக்கிறேன். மணலைப் பார்த்துக்கொண்டு, வலி இல்லாமல். ஏறவே மனம் வருவதில்லை. மதினிக்கு இது தெரியாது, சங்கு தேடுகிறேன் என்று நினைக்கிறாள்.

நேற்று வீட்டு வாசலிலிருந்து அடுப்படி வரை ரத்தக் கால்தடம். மதினிதான் பார்த்தாள். உள்ளங்காலில் சிப்பி ஓடு ஏறி நிற்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. ஒன்றுக்குப் போவதும் சிரமமாக இருக்கிறது. இதையெல்லாம் தங்கச்சிக்கு எழுதக்கூடாது. நீ படிக்கும்போது ஈஸ்டர் முடிந்திருக்கும், எனக்குச் சரியாகியிருக்கும், இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவாய். நன்றாகத் திட்டு.

நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாய். அம்மாவுக்கு வந்தவள் அப்படித்தானே இருந்தாய். அதனால்தான் மறைத்தேன். வேறு காரணம் இல்லை.

உன் அண்ணன்


திரேஸ்புரம்
28.3.2025

ஈவா,

சுகமா? நான் சுகம் என்று எழுத வரவில்லை. பேனா நழுவுவதால் பென்சில்.

இடது பாதம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது. பத்து பாகத்தில் இரண்டு மணிநேரம் இருந்தேன், வலி போனது, ஆனால் பாதம் வரவில்லை. ததேயுஸ் அண்ணனுக்கே பயம் வந்துவிட்டது. "டவுண்ல டாக்டர்ட்ட காட்டிருவோமா?" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். டாக்டர் என்றால் மதினி உனக்குப் போன் செய்துவிடுவாள். போன் செய்யமாட்டேன் என்று மாதா படத்தின்மேல் கை வைக்கச் சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

நான் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். ஆழம் போதாததால்தான் பாதம் வரவில்லை. நாளை பதினான்கு பாகம் போகிறோம். இந்த ஒரு தடவை நன்றாக இறங்கி, நன்றாக இருந்து, மெல்ல ஏறிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நீ கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாய், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஜெர்சன்


தபால் அட்டை
திரேஸ்புரம், 1.4.2025

ஈவாவுக்கு சகாயராணி. நலம் விசாரிக்க நேரமில்லை.

நீ கவரைப் பிரிக்கமாட்டாய். அதனால் அட்டையில் எழுதுகிறேன், இதில் பிரிப்பதற்கு எதுவுமில்லை. போன் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், அட்டை போடமாட்டேன் என்று செய்யவில்லை.

சனிக்கிழமை உன் அண்ணன் ஏறிவந்தபோது இரண்டு காலிலும் உயிர் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றுக்குப் போகவில்லை, வயிறு வீங்கி டாக்டர் டியூப் போட்டார். காற்றழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள், ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று சொல்லிவிட்டார். இவர் கேட்கவில்லை. "என்னைக் கயித்துல கட்டி இறக்குங்க, இன்னும் ரெண்டு பாகம் போனா கால் வந்துரும்" என்று படுத்தபடியே கத்துகிறார். ததேயுஸ் அண்ணாச்சி அழுகிறார், ஆனால் கயிறும் எடுத்து வைத்திருந்தார். நேற்று மத்தியானம் நான் கடற்கரைக்குப் போய்க் காம்ப்ரசர் ஓஸை அரிவாளால் நாலு துண்டாக வெட்டிவிட்டேன். உன் அண்ணன் புது ஓஸ் வாங்க ஆள் அனுப்புகிறார். என்னிடம் பேசுவதில்லை.

உன் பெட்டியில் இரண்டு கவர் இருக்கும். பிரி.


திண்டுக்கல்
4.4.2025, வெள்ளி

அண்ணா,

வாசலில் தபால் வாங்கும் சிஸ்டர் அட்டையைப் படித்துவிட்டு, ஞாயிறுக்குக் காத்திருக்காமல் சிலுவைப்பாதைக்கு நடுவில் ஓடிவந்து என் கையில் திணித்தார். மதர் அவருடைய போனை எனக்குக் கொடுத்தார். மதினி எடுத்தாள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாயாம், பேசமாட்டேன் என்றாயாம். அதனால் எழுதுகிறேன். இன்று மாலை தூத்துக்குடிக்குக் கிளம்பும் ஃபாதர் இதைக் கையோடு கொண்டுவருகிறார். உனக்குப் படிக்க முடியாவிட்டால் அவரே சத்தமாகப் படிப்பார், ததேயுஸ் அண்ணாச்சியும் கேட்கவேண்டும்.

இரண்டு கவரையும் பிரித்தேன். பதினான்காம் தேதிக் கடிதம் பதினாறாம் தேதியே இங்கே வந்துவிட்டது. பத்தொன்பது நாள் என் பெட்டியில், என் துணிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு உன் காலுக்காக ஜெபித்தேன். உள்ளே நீ உதவி கேட்டுக்கொண்டிருந்தாய். ஆண்டவர் என்னிடம் இதைக் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

என் அழுகை பிறகு இருக்கட்டும். சிஸ்டர் ஆரோக்கியம் ஒரு டாக்டரிடம் பேசிவிட்டு எனக்கு விளக்கினார், அதை ஒரு எழுத்து விடாமல் சொல்கிறேன். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்று உன் ரத்தத்தில் கரைகிறது. ஏறும்போது அது குமிழியாகிறது. குமிழி மூட்டில் நின்றால் வலி, முதுகுத் தண்டில் நின்றால் கால் போகும். திரும்ப இறங்கினால் தண்ணீர் குமிழியை நெருக்கிச் சின்னதாக்கும், வலி போகும். ஆனால் அந்த நேரம் முழுக்க நீ புதிதாகக் காற்றைக் கரைத்துக்கொண்டே இருக்கிறாய். ஏறும்போது முன்பைவிட அதிகக் குமிழி. நீ வைத்தியம் என்று நினைத்து உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணிநேரமும் உன் காலைத் தின்றிருக்கிறது. பதினாறு பாகம் போனால் நீ ஏறி வரமாட்டாய். ததேயுஸ் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சொல்கிறேன், அந்தக் கயிற்றை எடுத்தால் என் அண்ணனைக் கொன்றது நீங்கள்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் அறைக்குள் அழுத்தம் கொடுத்து, சுத்தமான ஆக்சிஜன் வைத்து, பிறகு அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். தாமதமாகிவிட்டது, முழுசாக வருமா என்று சொல்லமுடியாது என்றார். ஆனாலும் போகவேண்டும்.

மதரிடம் கேட்டேன். பதினைந்து நாள் வரை நான் வெளியே இருக்கலாமாம், வார்த்தைப்பாட்டுக்குப் பாதகமில்லை. இது முன்பே உனக்கும் எனக்கும் தெரிந்திருந்தால்! வந்தால் எல்லாம் போச்சு என்று நீ நினைத்தாய், நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். இந்தக் கடிதம் முடிந்ததும் ஆம்புலன்ஸில் ஏறு. ஏறினாய் என்று மதினி போன் செய்தால் நான் இங்கே இருக்கிறேன், நீ கூப்பிடும்வரை வரமாட்டேன். காலை ஏழு மணிக்குள் போன் வராவிட்டால் பெட்டியோடு கிளம்புவேன், பிறகு இங்கே திரும்பமாட்டேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு உன் கையில்தான் இருக்கிறது.

ஈவா


ஆஸ்பத்திரி, 3-ஆம் மாடி
12.4.2025

என் தங்கச்சிக்கு,

மதினி போன் செய்ததை நீ கேட்டிருப்பாய். ஃபாதர் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். இரண்டாவது தடவையிலேயே ததேயுஸ் அண்ணன் கயிற்றைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தார். ஆம்புலன்ஸில் என் தலைமாட்டில் உட்கார்ந்து வந்ததும் அவர்தான். வழியெல்லாம், "நாந்தானல சொல்லிக்கொடுத்தேன், நாந்தானல" என்றே வந்தார். அவரைத் திட்டாதே. அவருக்குத் தெரிந்ததைத்தான் எனக்குச் செய்தார்.

அதற்குப் பிறகு இங்கே போட்ட கடிதத்தில் சுகமா என்று கேட்டிருக்கிறாய், மதினி படித்துக் காட்டினாள். இனிமேல் உனக்கு அந்த இங்கிலீஷ் சொல்லை எழுதமாட்டேன். என்ன இருக்கிறதோ அதை எழுதுகிறேன்.

தினமும் இரும்பு அறைக்குள் வைக்கிறார்கள். ஏழு தடவை ஆகிவிட்டது. கை விரல்கள் வந்துவிட்டன, இது நானே எழுதுவது. இடது கால் பெருவிரல் புதன்கிழமை அசைந்தது, மதினி வராண்டாவில் போய் அழுதுவிட்டு வந்தாள். வலது கால் இடுப்பிலிருந்து கீழே கல்லாகக் கிடக்கிறது. டியூப் இன்னும் எடுக்கவில்லை. பையை மதினிதான் மாற்றுகிறாள், அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன். நடப்பேனா என்று டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "ஆறு மாசம் கழிச்சுக் கேளுங்க" என்றார். கடலில் இனி இறங்கக்கூடாது, ஆயுசுக்கும். இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை.

நீ உன்னையே திட்டி எழுதியிருப்பதை மதினியிடமிருந்து வாங்கி நானே படித்தேன். பெட்டியைப் பற்றி நினைத்து அழாதே. நீ பிரிக்கமாட்டாய் என்று தெரிந்ததால்தான் எழுதினேன். பிரிப்பாய் என்றால் அந்த உண்மை கடைசிவரை வந்திருக்காது, வழக்கம்போல ஒரு பொய்யை எழுதியிருப்பேன். அதில் உன் பங்கைவிட என் பங்கு பெரிது.

மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். விழித்தவுடன் காலைப் பார்க்கிறேன், பிறகு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் வலி இல்லாமல் உட்கார்ந்திருந்த நினைவு வருகிறது. அங்கேயே இருந்திருக்கலாம் என்றுகூட நேற்று தோன்றியது. அதை மதினியிடம் சொல்ல முடியாது. அவள் அரிவாளோடு கடற்கரைக்குப் போனவள், அவளிடம் போய் இதை எப்படிச் சொல்ல? உன்னிடம் சொல்கிறேன், நீ இந்தக் கவரைப் பிரிப்பாய் என்று தெரிந்தே சொல்கிறேன்.

நாளை குருத்து ஞாயிறு. பதினைந்து நாள் உண்டு என்று மதர் சொன்னாராம். அந்தப் பதினைந்தாம் நாள் உன்னைப் பஸ் ஏற்றிவிட எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. இருக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். மே 31-ல் என்னால் முன் வரிசையில் உட்கார முடியுமா என்பதும் தெரியாது.

ஆனாலும் வா, ஏளா. வந்துவிடு.

உன் அண்ணன்,
ஜெர்சன்